பம்பை இறக்கணுமா?

எங்கள் வீட்டு டீசல் பிக்கப்புக்கு என்னைவிட வயசு அதிகம். போன மாதம் விடிகாலை மூன்று மணிக்கு, தக்காளி லோடோடு அடம் பிடித்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, அதனால் பேட்டரி மேல் சந்தேகமில்லை. சைலன்சரில் புகையே இல்லை. டீசல் போயும் எரியாவிட்டால் வெள்ளைப் புகையாவது வரும். அப்படியென்றால் டீசலே போகவில்லை!

மெக்கானிக் "பம்பை இறக்கணும்" என்றார். அதாவது என் செமஸ்டர் ஃபீஸ் :(

ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்தது. குமிழி நின்றதும் முடுக்கினேன், கிளம்பியது. மறுநாள் அதே கதை. காற்று எங்கோ நுழைகிறது, ஆனால் ஒழுகல் எங்கேயும் இல்லை.

அங்கேதான் ஏமாந்தோம். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்த ஹோஸ் வெடித்தால் டீசல் சொட்ட வேண்டுமென்றில்லை, காற்று உள்ளே போகும். ராத்திரி அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, புது டியூப் போட்டு ஒரு கேனிலிருந்து டீசல் கொடுத்து, காற்றெடுத்து வைத்தேன். காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்!

பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தால், கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. அப்பாவிடம் காட்டினேன்.

"இதை மொத நாளே பாத்திருக்கலாம்ல?" என்றார்.