நான் பார்த்துக்கொண்ட எஞ்சின்

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 172-ஐ ஹேங்கரில் எல்லாரும் "உங்க பொண்ணு" என்றுதான் என்னிடம் சொல்வார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பயிற்சி நின்றது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்களுடையது கடலோர ஊர். கதவைத் திறந்தால் உப்புக்காற்று. பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வாங்கி மூன்று வருடமாகியிருந்த நான் தினமும் போய் ப்ரொப்பெல்லரைக் கையால் நாலு சுற்று சுற்றுவேன். வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பேன். சும்மா நிற்கும் ஸ்கூட்டருக்கு அப்பா செய்வதும் அதுதான்.

அதைவிடக் கெடுதல் அதற்கு நான் செய்திருக்க முடியாது. அதிலிருந்த லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் உச்சியில், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றால் ஆயில் மெல்ல வடிந்து அடியில் சேர்ந்துவிடும். மிச்சமிருக்கும் படலத்தையும் கையால் சுற்றுவது வழித்துவிடும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். ஆயில் 74 டிகிரி செல்சியஸாவது சூடாகி, ஒரு மணி நேரமாவது தொடர்ந்து பறந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். பத்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி கேமின் மேல் துருவாகப் பூக்கும். இதெல்லாம் தயாரிப்பாளர் கொடுத்த காகிதத்தில் உண்டு. காகிதம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது.

இதையாவது தெரியாமல் செய்தேன்.

மறுபடி பறக்கத் தொடங்கியபின் 50 மணி நேர ஆயில் மாற்றம் வந்தது. பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜிகினா தூவிய மாதிரி மினுங்கியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு. கேமோ டேப்பெட்டோ உதிர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், எஞ்சினைப் பிரிக்கும்வரை விமானத்தை நிறுத்த வேண்டும்.

மாணவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், அதனால்தான் பறக்க விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் இவ்வளவு பார்த்துக்கொண்ட எஞ்சினுக்கு என்ன வந்துவிடும் என்ற கர்வம்தான். தாளைக் கழிவுத்துணியோடு சுருட்டி எறிந்துவிட்டு, லாக் புக்கில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

கேம் ஒரே நாளில் கைவிடாது. தேயத் தேய வால்வு திறக்கும் அளவு குறையும். எஞ்சின் ஓடும், இழுவை இருக்காது. "ஏறவே மாட்டேங்குது சார்" என்று ஒரு மாணவன் சொன்னபோது, "வெயில்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். வெயிலில் ஏற்றம் குறைவது உண்மைதான் என்பதால் அவன் நம்பிவிட்டான்.

ஒரு மதியம் சுமார் முந்நூறு அடியில் ஏற்றம் நின்றுபோனது. பயிற்சியாளர் மேடம் ஓடுபாதைக்குத் திரும்ப முயலவில்லை. அந்த உயரத்தில் திரும்பப் பார்த்து, வேகம் இழந்து குப்புற விழுந்தவர்கள் உண்டு. நேரே தெரிந்த அறுவடை முடிந்த வயலில் இறக்கினார். வரப்பில் மோதி மூக்குச் சக்கரம் மடங்கியது. மாணவனுக்குச் சிராய்ப்பு, அவருக்கு மணிக்கட்டு முறிவு.

அப்புறம் தூக்கம் வராமல் விபத்து அறிக்கைகளாகப் படித்துக்கொண்டிருந்தேன். நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015-ல் ஓட்டிய பழைய விமானம், எஞ்சின் சக்தி இழந்து கலிஃபோர்னியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு ஜெட் கழன்றிருந்ததாம். அதைச் சோதிக்கச் சொல்லி எந்தப் பராமரிப்புக் கையேட்டிலும் இல்லை. அந்த விமானத்தைப் பராமரித்த மெக்கானிக்கை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேடத்தைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடிக்கச் சொன்னார். நான் டம்ளரை எடுக்கவில்லை.

"ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன் மேடம். அதுல இரும்பு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"நீ பார்க்காம விட்டுட்டேன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.