வேலை தேடுவோரும் செயற்கை நுண்ணறிவும்

காவிரிப் பேராறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பெயர் பெற்ற அவ்விரண்டு கிளைகளும் தம்மிடையே ஒரு தீவை அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. அத்தீவிலே திருவரங்கம் விளங்குகின்றது. அதற்குத் தெற்கே, ஆற்றின் மறுகரையில், மலைக்கோட்டையை நடுவில் கொண்டு திருச்சிராப்பள்ளி மாநகரம் பரந்து கிடக்கின்றது. ஏழு திருச்சுற்றுகள் சூழ்ந்த கோயிலால் ஓர் ஊர் புகழ் பெற்றது. கல்வியாலும் தொழிலாலும் மற்றோர் ஊர் வளம் பெற்றது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. பொன்மலை இரயில்வே பணிமனை 1928 முதல் இயங்கி வருகின்றது. திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் தொடங்கியது. இவை போன்ற நிலையங்களை நாடி நாலாபுறமிருந்தும் இளைஞர் வந்த வண்ணம் இருக்கின்றனர்.

கற்றவர்க்கு வேலை என்பது வெறும் ஊதியம் அன்று. தந்தை பட்ட கடனைத் தீர்க்கும் வழி அது. தங்கையின் படிப்புக்குத் துணை அது. 'இவன் தன் காலில் நிற்கின்றான்' என்று ஊரார் மதிக்கும் மதிப்பும் அதுவே. ஆதலின், வேலை தேடும் காலம் ஓர் இளைஞனின் வாழ்வில் மிகவும் நெருக்கடியான காலம். அந்நெருக்கடியில் கைக்கு எட்டிய எந்தக் கருவியையும் பற்றிக்கொள்ள மனம் விரைவது இயல்பே.

முன்னாளில் வேலை தேடியவர்கள் காலையில் நாளிதழின் விளம்பரப் பக்கத்தைப் புரட்டினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தார்கள். தட்டச்சு நிலையத்தில் விண்ணப்பம் அடித்து, அஞ்சலில் சேர்த்துவிட்டு, அஞ்சற்காரரின் வரவை நோக்கியிருந்தார்கள். இந்நாளில் அவ்வேலைகளிற் பெரும்பகுதி கைப்பேசியிலேயே நடைபெறுகின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட் ஜிபிடி வெளிவந்த பின்னர், விண்ணப்பம் எழுதும் தொழிலையும் எந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. 'இன்ன வேலைக்கு ஒரு கடிதம் வேண்டும்' என்று கேட்டால், ஒரு நிமிடத்திற்குள் பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தருகின்றது. இது பெரிய உதவிதான். ஆயினும் உதவியின் இயல்பை அறிந்து கொள்பவனே அதனால் பயன் பெறுவான்.

செயற்கை நுண்ணறிவு என்று வழங்கும் இவ்வெந்திரம் மனிதனைப் போல உண்மையை ஆராய்ந்து பேசுவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் மனிதர் எழுதியவற்றைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து வாக்கியங்களை அமைக்கின்றது. அதனால் அதன் நடை தெளிவாக இருக்கும். குரலில் உறுதி இருக்கும். ஆனால் உறுதியாகச் சொல்லப்பட்டது எல்லாம் உண்மையாகி விடாது. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வழக்கறிஞர் இருவர், இவ்வெந்திரம் தந்த முன்வழக்குகளை அப்படியே நம்பி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். அவ்வழக்குகள் உலகில் நடந்தவையே அல்ல. நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தார். சட்டம் கற்றவர்களே ஏமாந்தனர் என்றால், முதன்முதலாக வேலை தேடும் இளைஞன் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

எந்திரத்தின் எல்லையை உணர்வதற்குத் தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணிதம் ஒன்றையே எண்ணிக்கொண்டு மற்றப் பாடங்களை அவர் புறக்கணித்தமையே அதற்குக் காரணம். பட்டம் இல்லை; பரிந்துரைக்கும் செல்வர் இல்லை; வறுமை மட்டும் இருந்தது. தம் கணிதக் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார். 1910இல் திருக்கோவிலூரில் இருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். பின்னர் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் திங்கள்தோறும் பணம் கொடுத்து ஆதரித்தார்.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் இராமானுசன் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கேட்டது ஓர் எழுத்தர் வேலை. அவ்விண்ணப்பத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. மெட்ரிகுலேசன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், அதன்பின் படிப்பு தடைப்பட்டதையும், எஞ்சிய காலமெல்லாம் கணிதத்திலேயே ஈடுபட்டிருந்ததையும் உள்ளவாறே எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சான்றையும் அதனோடு அனுப்பினார். மார்ச்சு முதல் நாள் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் நாராயண ஐயர். அவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் முன்னர்க் கணிதம் கற்பித்தவர். எழுத்தரின் குறிப்பேட்டைப் படித்து அதன் அருமையை அறியும் கண் அவருக்கு இருந்தது. அவரும் துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கியதால், அடுத்த ஆண்டு இராமானுசன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் நிகழ்ந்ததை உலகம் அறியும்.

அவ்விண்ணப்பம் இன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலிற் படிப்பது மனிதர் அல்லர், கணினியே. 'பட்டம்' என்னும் சொல்லைத் தேடி, அஃது இல்லாத விண்ணப்பங்களை ஒதுக்குமாறு அதற்குக் கட்டளையிட்டிருந்தால், இராமானுசனின் கடிதம் முதற் சல்லடையிலேயே வீழ்ந்திருக்கும். அமேசான் நிறுவனம் 2014 முதல் இத்தகைய ஒரு சல்லடையை உருவாக்க முயன்றது. பத்தாண்டுகளில் வந்த பழைய விண்ணப்பங்களை அதற்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஆடவர் அனுப்பியவை. அதனால் 'மகளிர்' என்னும் பொருள்படும் சொல் இருந்த விண்ணப்பங்களுக்கு எந்திரம் மதிப்பைக் குறைத்தது. குறை தெரிந்ததும் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. 2018இல் இச்செய்தி உலகிற்குத் தெரிந்தது. பழைய பழக்கத்தைக் கற்ற எந்திரம் பழைய ஓரவஞ்சனையையும் சேர்த்தே கற்றது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே வேலை தேடுவோன் இரண்டு செய்திகளை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். விளம்பரத்தில் கேட்கப்பட்ட தகுதி தன்னிடம் இருக்குமாயின், அதனை அதே சொற்களால் தெளிவாக எழுதுதல் முறை. அப்பொழுதுதான் சல்லடையைக் கடக்க இயலும். சல்லடை ஒன்றையே நம்பியிராமல், தன் வேலையைப் பார்த்து மதிப்பிடக்கூடிய மனிதரையும் நாடுதல் வேண்டும். ஆசிரியர், முன்னர்ப் படித்தோர், தொழிற்கூடத்து மூத்தவர் ஆகிய இவர்கள் காட்டும் வழியை எந்த எந்திரமும் அடைத்துவிட முடியாது.

இனி, எழுதும்போது நேரும் ஆபத்து ஒன்று உண்டு. எந்திரத்திடம் விவரக் குறிப்பைத் திருத்தச் சொன்னால், அது சொற்களை அழகுபடுத்துவதோடு நில்லாமல், இல்லாத திறமைகளையும் இணைத்துவிடுதல் கூடும். ஒரு திங்கள் பயிற்சி ஓராண்டு அனுபவமாகிவிடும். உடனிருந்து பார்த்த வேலை தலைமை தாங்கிய வேலையாகிவிடும். படிப்பவனுக்கு அஃது இனிக்கும். ஆனால் சோதனை நேரத்தில் என் செய்வது? திருச்சிராப்பள்ளியில் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்நகரத்துத் தொழிலாளர் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. கொதிகலனின் குழாய்களை இணைக்கும் வெல்டரின் கைத்திறன் சான்றிதழால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அவர் இட்ட இணைப்பை எக்ஸ்ரே கதிரால் ஊடுருவிப் பார்க்கின்றனர். மேலே வழவழப்பாகத் தோன்றும் இணைப்பினுள் ஒரு சிறு குமிழி இருந்தாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். நேர்முகத் தேர்வும் அத்தகைய கதிரே. தன் விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு வரியைப் பற்றியும் பத்து நிமிடம் பேச இயலாதவன் அவ்வரியை அழித்துவிடுதல் நலம்.

திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் பல நூற்றாண்டுகள் மேல்நிலைகள் இன்றி, அடித்தளத்தோடு நின்றது. மக்கள் அதனை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். 1987இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்தில் அது நிறைவெய்தியது. அத்தனை நிலைகளையும் தாங்கும் வலிமை பழைய அடித்தளத்திற்கு இருந்தது. அடித்தளம் இல்லாத இடத்தில் பதின்மூன்று நிலைகளை எவரே எழுப்ப வல்லார்? இளைஞன் கற்ற கல்வியும் பழகிய தொழிலும் அடித்தளம். எந்திரம் தரும் சொற்கள் மேல்நிலைகள். இந்த முறை மாறுதல் கூடாது.

இவ்வாறு கூறுவதால் எந்திரத்தைத் தொடவே கூடாது என்பது கருத்தன்று. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலக் கடிதத்திற்கு அஞ்சும் மாணவிக்கு அது பொறுமையுள்ள ஆசிரியர். அவள் தன் கருத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, ஆங்கில வடிவத்தைப் பெற்று, ஒவ்வொரு சொல்லும் ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்கலாம். நீண்ட விளம்பரத்தைக் கொடுத்து, 'இவ்வேலைக்கு எவை இன்றியமையாதவை? அவற்றுள் எவை என்னிடம் இல்லை?' என்று வினவலாம். இல்லாதவற்றைக் கற்க மூன்று திங்களுக்கு ஒரு திட்டம் வகுக்கலாம். நேர்முகத் தேர்வின் வினாக்களைக் கேட்கச் சொல்லி, உரக்க விடை கூறிப் பழகலாம். நள்ளிரவில் நூறு முறை கேட்டாலும் அது சலிப்பதில்லை. தேர்வுக்கு முன் அதனிடம் பழகுவது பயிற்சி. தேர்வு நடக்கும்போதே அதன் விடையைத் திருட்டுத்தனமாகப் படிப்பது பொய். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

செய்தியைச் சரிபார்த்தலும் காவலும் இன்றியமையாதவை. அரசுத் தேர்வின் கடைசி நாள், வயது வரம்பு, கட்டணம் ஆகியவற்றை எந்திரத்தின் வாய்மொழியால் முடிவு செய்யாமல், தேர்வாணையத்தின் அறிவிப்பைப் பார்த்தே தெளிதல் வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, பெற்றோர் வருமானம் போன்றவற்றை எந்திரத்திடம் தருவதற்கு யாதொரு தேவையும் இல்லை. மேலும், பிழையற்ற கடிதம் எழுதும் ஆற்றல் நல்லவர்க்கு மட்டும் கிடைத்ததன்று, வஞ்சகர்க்கும் கிடைத்திருக்கின்றது. பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் அழகிய கடிதம் உண்மையானது என்று கொள்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு இளைஞர் சிலர், தாய்லாந்தில் கணினி வேலை என்னும் ஆசைமொழியை நம்பிச் சென்று, மியான்மர் எல்லையில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அரசின் முயற்சியால் மீட்கப்பட்டுத் தாயகம் திரும்பினர். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் வழியே அயல்நாடு செல்வோர் பலர். அவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்த்த பின்னரே கடவுச்சீட்டை நீட்டுதல் அறிவுடைமை. வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகுதல் அதனினும் அறிவுடைமை. ஏமாந்தவர் நாணி ஒளியாமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், இழந்த பணத்தைத் தடுத்து நிறுத்தவும் வாய்ப்பு உண்டு.

எல்லாம் முறையாகச் செய்தும் வேலை கிடைக்காமற் போவதுண்டு. 1954இல் தூய வளனார் கல்லூரியிற் பட்டம் பெற்ற அப்துல் கலாம், பின்னர்ச் சென்னையில் விமானப் பொறியியல் கற்று, விமானி ஆகும் கனவோடு 1958இல் டேராடூனுக்குச் சென்றார். இருபத்தைவர் வந்திருந்தனர், எண்மரே வேண்டியிருந்தது, கலாம் ஒன்பதாமவராக நின்றார். ஓர் இடத்தால் கனவு நழுவியது. மனம் வருந்தி அவர் ரிஷிகேசத்திற்குச் சென்றார். அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பின்னர்த் தில்லியில் 250 ரூபாய் ஊதியத்தில் அறிவியல் உதவியாளர் பணியை ஏற்றார். அவ்வழியே பின்னாளில் அவரை ஏவுகணைத் துறைக்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் கொண்டு சென்றது. 'ஏன் தோற்றேன்?' என்று எந்திரத்தைக் கேட்டால் அஃது ஏதேனும் ஒரு காரணம் சொல்லும். ஆயினும் தோல்விக்குப் பின் மறுநாட் காலையில் எழுந்து அடுத்த வாயிலைத் தட்டும் உறுதியை எந்த எந்திரமும் தர இயலாது.

கருவி கூரியதாக இருத்தல் நன்று. அதனைப் பிடிக்கும் கை உறுதியாக இருத்தல் அதனினும் நன்று. எழுதுவதற்கு எந்திரம் துணை செய்யட்டும். எழுதப்படும் வாழ்க்கை இளைஞனுடையதாகவே இருக்கட்டும். உண்மையைக் கூறி முப்பது ரூபாய் வேலையைப் பெற்ற இராமானுசனின் விண்ணப்பம் இன்றும் போற்றப்படுகின்றது. பொய்யால் வேலை பெற்றவனுக்கோ, அகப்பட்டுக்கொள்வோமோ என்னும் அச்சம் நாள்தோறும் அலுவலகத்திற்கு உடன் வரும்.