ஓரெழுத்துப் பிழை

ஆரணியில் எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தோடுதான் பொழுது விடியும். அப்பா பட்டு நெய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

முதலாண்டு வேதியியல் ஆய்வேட்டில் பட்டுக்குச் சாயமேற்றுவது பற்றி ஆங்கிலத்தில் எழுதினேன். 'டையிங்' என்ற சொல்லின் நடுவே 'இ' என்ற எழுத்தை விட்டுவிட்டேன். சாயமேற்றுதல் சாதல் ஆயிற்று! வகுப்பே சிரித்தது.

மாலையில் நூலகத்தில் தேடினேன். இரண்டும் வெவ்வேறு வேரில் பிறந்தவை. ஒலி மட்டுமே ஒன்று. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டைத்தான் தந்தாராம். மனம் சற்று ஆறியது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தமிழ்ல மட்டும் என்னடா வாழுது? கூறை நெய்யறவன் வீட்டுக் கூரை ஒழுகுது. சொல்லிப் பாரு, ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே கேக்குது?" என்றார்.

கூறை, மணப்பெண் உடுத்தும் புடவை. கூரை, எங்கள் தலைக்கு மேலே இருப்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் சொன்ன பாடம் இது.

நண்பர்களே, படிப்பை முடித்து, முதல் சம்பளத்தில் அந்தக் கூரையை மாற்ற வேண்டும். அதுவரை ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை பார்த்தே எழுதுவேன்.