கொழுந்து கண்ட நகரம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர். ஏட்டுக் கடலும் அத்தகையதே. யட்டியாந்தோட்டைப் பகுதியில் யான் கற்பிக்கும் தோட்டப் பாடசாலையில், ஐந்தாம் வகுப்பினருக்குக் கடலைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "மறுகரை தெரியுமா சேர்?" என்று வினவினாள் ஒரு மாணவி. களனி கங்கையன்றிப் பெருநீர் வேறு கண்டறியாத பிள்ளை அவள். அன்றே கொழும்புப் பயணத்தை உறுதி செய்தேன்.

பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் நண்பர் சிலரின் உதவியும் துணைநிற்க, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். எங்கள் ஆறு கடலை நாடிச் செல்வது போலவே பஸ்ஸும் அவிசாவளையைக் கடந்து மேற்கு நோக்கி விரைந்தது.

முதலிற் கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரரை வணங்கினோம். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய அத்திருக்கோயிலின் தூண்களைப் பிள்ளைகள் வியந்து நோக்கினர். பின்னர், 1877இல் திறக்கப்பெற்ற தேசிய நூதனசாலையிலே, சீனத் தளபதி செங் ஹோ நிறுவிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிக் கல்வெட்டைக் கண்டோம். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது அது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைத் திருமாலைப் போற்றுகின்றது. கடல் கடந்து வந்தவனும் இத்தீவில் தமிழை நாடினான் என்றபோது, மாணவர் அப்பழைய வடிவங்களிடையே தாமறிந்த எழுத்தைத் தேடலாயினர்.

நண்பகலில் ஒரு மரக்கறி உணவகத்தை அடைந்தோம். பிள்ளைகளோ வாயிலிலேயே நின்றுவிட்டனர். "நாங்க உள்ளுக்கு வரலாமா சேர்?" என்றான் ஒருவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், தோட்டத்திலிருந்து நம் கல்லூரி விடுதிக்கு வந்த புதிதில், யானும் அவ்வாறே ஓர் உணவக வாயிலில் நின்றவன். விடுதி ஆசிரியர் என் தோளிற் கைவைத்து, "வா தம்பி, இருந்து சாப்பிடு" என்றார். அச்சொற்களையே அன்று யானும் கூறினேன். தோசையும் உழுந்து வடையும் கேசரியும் வந்தன. கூச்சம் நீங்கிச் சிரிப்பொலி எழுந்தது.

மாலையிற் காலிமுகத்திடல் சென்றோம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் நிறைவேற்றிய உலாவிடம் அது. கொழும்பு மாதர், சிறுவர் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கல்லிற் பொறித்து வேண்டினார் அவர். அவ்வேண்டுகோளில் எம் தோட்டத்துச் சிறுவர் அடங்கார். எனினும் அன்று, இறால் வடையும் கையுமாக ஓடித் திரிந்த அவர்களுக்கே திடல் உரியதாயிற்று.

மறுகரை கேட்டவள் மட்டும் நெடுநேரம் பேசாது நின்றாள். பின்னர் வடக்கே துறைமுகத்தைச் சுட்டி, "அம்மா பறிக்கிற கொழுந்தும் அந்தக் கப்பல்ல போகுமா சேர்?" என்றாள்.

"போகும், பிள்ளை."

"அம்மா இன்னும் கடலைப் பார்த்ததில்லை."

விடை கூற இயலவில்லை. 1883 முதற் கொழும்பிலே தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. கொழுந்து வாரந்தோறும் காணும் நகரை, அதனைக் கிள்ளிய கை கண்டதில்லை. தூத்துக்குடியிற் கப்பலேறி இத்துறையில் இறங்கிய நம் முன்னோரும் கடலைத் திரும்பிப் பார்க்க நேரமின்றி மலையேறியவர்களே.

அடுத்த பயணத்தில் தாய்மாருக்கும் இடம் ஒதுக்க எண்ணியுள்ளேன். பழைய மாணவ அன்பர்களே, அன்று எனக்கு ஒருவர் வாங்கித் தந்த ஒருவேளை உணவு இன்னும் என் கணக்கிற் கடனாகவே உளது. உங்களுள்ளும் அத்தகைய கடனாளிகள் இருப்பீர்கள். விழாக் காணும் நம் கல்லூரித் தாய்க்கு அக்கடனைச் செலுத்த வேறென்ன வழி வேண்டும்?