விடுமுறையில் எந்தக் கரைக்குச் செல்வது?

நயினார்கோவில் பக்கத்து மக்கள் கண்மாய் மக்கள். மழை பெய்தால் நெல், பொய்த்தால் மிளகாய் என வானத்தைப் பார்த்து வாழ்கின்றவர்கள். கடல் எங்களுக்குத் தொலைவில் இல்லை. காலையில் பேருந்து ஏறினால் உச்சிப் பொழுதுக்குள் கரையை அடைந்துவிடலாம். எனினும் கடலோடு எங்களுக்குப் பழக்கம் இல்லை. சித்திரை வெயிலில் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வேளையில்தான் பள்ளிகளுக்கு விடுமுறை வருகின்றது. வீட்டுக்கு வீடு கடலைப் பற்றிய பேச்சும் அப்போதுதான் எழுகின்றது.

"சாமி, பிள்ளைகள் கடலுக்குப் போகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எங்கே கூட்டிச் செல்லலாம்?" என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. பேருந்து, தங்குமிடம், செலவு ஆகியவற்றை மனத்திற் கொண்டே அவர்கள் கேட்கின்றனர். நானோ அதைப் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கின்றேன். பங்குக் குருவாகப் பணியாற்றுகிறவன் நீரில் மாண்ட பிள்ளையின் அடக்கத்தையும் நடத்த வேண்டியவன். அந்த வீட்டில் எந்தத் தேறுதல் மொழியும் காதில் ஏறுவதில்லை. ஆகவே புறப்படும் முன்னரே சில செய்திகளைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

கண்மாயில் நீந்தக் கற்றவன் கடலில் நீந்தக் கற்றவன் அல்லன். கண்மாய் நீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல்நீர் ஓயாது நடந்துகொண்டே இருக்கும். அது எந்தத் திசையில், எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் நடக்கின்றது என்பதை அறிந்த பின்னரே கரையைத் தேர்தல் வேண்டும்.

நம் மாவட்டத்திற்கு வாய்த்த கடல் ஒன்றன்று, இரண்டு. மண்டபம் முனைக்கும் இராமேசுவரம் தீவுக்கும் வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இக்கரை மக்கள் அழைக்கின்றனர். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கைத் தீவு அரணாக நின்று பெருங்கடலின் அலைகளைத் தடுத்துவிடுகின்றது. மன்னார் வளைகுடாவோ தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடக்கின்றது.

காற்று மாறும்போது இவ்விரண்டின் குணமும் மாறும். வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழுந்ததும் வடகடல் பொங்கும். கோடை விடுமுறைக்கு ஏற்ற கரை கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஏற்றதாக இராது. பள்ளி அட்டவணையைக் கடல் அறியாது. கடலின் அட்டவணையை நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

கோடையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தெற்கே நெடுந்தொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் நீண்ட அலைகளைக் கிளப்பிவிடுகின்றன. அவை சில நாள் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இராது. திடீரெனக் கடல் ஏறிவரும். கள்ளனைப் போல் வருவதால் கேரள மீனவர் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயரிட்டனர். 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில், மருத்துவம் பயின்றுவந்த இளையோர் ஐவரை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் மாண்டனர். கள்ளக்கடல் பற்றி முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. கல்வியில் குறைவற்ற பிள்ளைகள். கடல் அவர்களது படிப்பைக் கேட்கவில்லை.

ஆதலால் மே மாதத்தில் சிறு பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்திற்கு நான் காட்டுவது வடகடற்கரையைத்தான். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில், உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரை உள்ளது. சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு, நெடுந்தூரம் ஆழமற்ற நீர், அலையும் சிறிது. புகைப்படத்தில் பார்த்தால் பெருஞ்சிறப்பு ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு இடுப்பளவு நீரே போதும் என்று எண்ணும் தாய்க்கு அதைவிடச் சிறப்பு வேறென்ன வேண்டும்?

அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கச்சான் காற்று அக்கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. அந்தக் கரை அமைதியாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காற்றடைத்த டியூபிலோ மிதவையிலோ குழந்தையை ஏற்றிவிட்டால், அதே காற்று அதனைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டுபோய்விடும். ஆகவே மிதவைகளை வீட்டிலேயே விட்டுவருவது நலம். திருக்கை மணலில் புதைந்து கிடக்கக்கூடும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும். சொறி எனப்படும் இழுது மீன் ஒதுங்கிக் கிடந்தால், செத்ததுதானே என்று பிள்ளைகள் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தனுஷ்கோடிக்குப் போகலாமா?" என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் போகலாம், ஆனால் நீராடுவதற்காக அன்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் அடித்த புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலுக்கு இரையாயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களின் முன் பிள்ளைகளை நிறுத்தி அவ்வரலாற்றைச் சொல்லுங்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை உள்ளது. இரு கடல்களும் சந்திக்கும் அம்முனையில் நீரோட்டம் வலியது. கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும். கண்டு மகிழ வேண்டிய கடல் வேறு. இறங்கிக் குளிக்க வேண்டிய கடல் வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மணற்பாங்கான திறந்த கரைகளில் மறைந்து நிற்கும் பகை ஒன்று உண்டு. கரையில் மோதிக் குவியும் நீர் ஏதேனும் ஒரு தாழ்ந்த வாய்க்கால் வழியாக விரைந்து கடலுக்குத் திரும்பும். அவ்விடத்தில் அலை உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே மட்டும் நீர் அமைதியாய்த் தோன்றும். பழக்கமற்றவர்கள் அந்த இடத்தையே பாதுகாப்பானதென்று தேர்ந்து இறங்குகின்றனர்! அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்து மூழ்க நேரிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவ்வோட்டத்திலிருந்து விலகிவிடலாம். நீந்த இயலாவிடில் மல்லாந்து மிதந்து கையசைத்து உதவி கேட்க வேண்டும். வேளாங்கண்ணி யாத்திரை செல்லும் குடும்பங்களும் இதை நினைவிற் கொள்வது நல்லது.

வளர்ந்த பிள்ளைகள் இந்நாளில் அலைச்சறுக்கு ஆட விரும்புகின்றனர். அவ்விருப்பம் தவறன்று. ஆனால் நம் வடகடலில் அதற்கு அலை கிடையாது. பிரப்பன்வலசையைப் போன்ற இடங்களில் துடுப்புப் பலகை ஓட்டப் பழகலாம். அலைச்சறுக்குக்குத் திறந்த கடல் வேண்டும்: சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு ஆகியவை அதற்குப் பெயர் பெற்றவை. மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடைபெற்றது. இலங்கையில் பொத்துவிலை அடுத்த அறுகம்பைக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். கோவளத்தில் அலைச்சறுக்கில் தேர்ந்து பிறருக்குக் கற்பிப்போரில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பயிற்றுநர் இன்றிப் பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்து இறங்க உங்கள் மகனை அனுமதியாதீர்கள்.

எந்தக் கரையானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: அவ்வூர் மீனவரைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையில் அனுபவமிக்க பெரியவர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். "ஐயா, இங்கே பிள்ளைகள் குளிக்கலாமா?" என்று வணங்கிக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். தம் வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் எங்கே இறங்க விடுகின்றனரோ, அங்கே நீங்களும் இறங்கலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்தால் பயணத்தையே தள்ளிவையுங்கள்.

நமக்குப் பொழுதுபோக்கும் மணல், அவர்களுக்கு வேலைத்தளம். கரைவலை இழுப்பதும் கருவாடு காய்வதும் அங்கேதான். வலையை மிதிக்காதிருப்பதும், புட்டிகளை உடைத்து எறியாதிருப்பதும், வருவாய் இல்லாத அத்தடைக்காலத்தில் அவர்களிடம் கருவாடோ சங்கோ வாங்கிக்கொள்வதும் விருந்தினரின் கடமை.

பெற்றோரே, கரையைத் தேர்ந்தபின் ஒன்றை மட்டும் பிறரிடம் ஒப்படைக்காதீர்கள். குழந்தை நீரில் இருக்கும் வரையில் பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கை எட்டும் தொலைவில் நின்று அதனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறைவைத்து நில்லுங்கள். போனவர் அனைவரும் உப்பேறிய உடலோடும் மணல் ஒட்டிய கால்களோடும் மாலைப் பேருந்தில் உறங்கியபடியே வீடு திரும்பினால், நல்ல கரையைத் தேர்ந்திருக்கின்றீர்கள் என்று பொருள்.