ஐயாவின் துவக்கு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது கனடாவிலிருந்து மருமகன் அழைத்தான். மான் வேட்டைக்கு அரைத் தானியங்கித் துவக்கு வாங்கப் போகிறானாம். "எது நம்பிக்கையானது மாமா?"

பத்திரிகைக்காரனிடம் கேட்கும் கேள்வியா இது? ஆனால் நான் துவக்கிருந்த வீட்டில் வளர்ந்தவன். புங்குடுதீவில் ஐயா முயலுக்கும் புறாவுக்கும் இரட்டைக்குழல் துவக்கொன்று வைத்திருந்தார். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று இரவுதோறும் துடைத்து எண்ணெய் பூசுவார். நடுவே மடித்தால் குழலின் மறுமுனைவரை வெளிச்சம் தெரியும். "தோட்டா இருக்கோ இல்லையோ எண்டு கண்ணாலை பாக்க ஏலும். அதுதான் நல்ல துவக்கு" என்பார்.

அரைத் தானியங்கி அப்படியன்று. வெடியின் வாயுவையோ பின்னுதைப்பையோ கொண்டு வெற்றுக்கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். கரி படிந்தால் சிக்கும். கடுங்குளிரில் எண்ணெய் தடித்தாலும் சிக்கும். 1967இல் வந்த பிரௌனிங் 'பார்' போன்றவற்றுக்கும் துப்புரவு தவறக்கூடாது. கனடாவில் சட்டத்தையும் பார்க்கவேண்டும். இவ்வகை வேட்டைத் துவக்குகளின் மகசினில் ஐந்து தோட்டாக்களே அனுமதி. 2020 மே மாதம் ஏறத்தாழ 1500 வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன, பட்டியல் பின்னரும் நீண்டது.

"கையாலை போல்ட் இழுக்கிறதை வாங்கு, தம்பி."

"முதல் வெடி பிழைச்சால்?"

"மானை விடு."

சிரித்தான். "அப்புவின்ரை துவக்கு இப்ப எங்கை மாமா?"

1984இல் ஓரிரவு பொடியள் வந்து கேட்டார்கள். ஐயா அதை மடித்து, விளக்கொளியில் இரு குழல்களும் வெறுமையென்று காட்டிய பின்னரே கையில் கொடுத்தார்.