எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

வேனிலை எதிர்கொள்ளும் காமன் பண்டிகை தஞ்சை வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் வாழ்கிறது. 2023ஆம் ஆண்டு மாசி முழுநிலவில், மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று அவருடைய ஊருக்குச் சென்றிருந்தோம். நாட்டார் வழக்காறு கற்பிக்கும் எமக்கு ஆவல் மிகுதி. ஏகத்துவ நெறியில் வளர்ந்த எமக்குத் தயக்கமும் இருந்தது.

கரும்பும் ஆமணக்கும் நட்டு, வறட்டி அடுக்கிய திடலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு திண்ணையில் பாய் விரித்திருந்தார் மாணவரின் பாட்டனார். "பூசை முடியட்டும் ஐயா, நீங்கள் கேட்க வேண்டியது பிறகுதான்" என்றார். யாம் சொல்லாத தயக்கத்தை அவர் அறிந்திருந்தார். மற்றவர்க்குப் படையல் வந்தபோது எமக்கு இளநீர் வந்தது.

நெருப்பு அடங்கியதும் லாவணி தொடங்கிற்று. தஞ்சை மராட்டியர் காலத்தில் தமிழகத்தில் வேரூன்றிய கலை அது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்றது ஒரு கட்சி. எரியவில்லை என்றது மறு கட்சி. வினாவும் விடையும் பாட்டாகவே மோதின. டேப்பின் முழக்கம், இளமையில் எங்கள் தெருவுக்கு வந்த பக்கீர்மாரின் தாயிராவை நினைவூட்டியது.

வைகறையில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தோம். ஒளுச் செய்யத் தண்ணீர் வந்தது; யாரும் கேட்காமலே டேப்பும் நின்றது. தொழுது மீண்டதும் விட்ட இடத்திலிருந்து பாட்டுத் தொடர்ந்தது.

"எந்தக் கட்சி வென்றது ஐயா?" என்று கேட்டார் பாட்டனார்.

"விருந்தினர் தீர்ப்புச் சொல்லலாகாது" என்றோம். வாய்விட்டுச் சிரித்தார்.

தத்தம் கொள்கையை விட்டுக்கொடாமலே ஒரு பந்தலின்கீழ் அமரலாம் என்று வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். கற்றது அவ்விரவில்தான்.